குடும்பத்தில் யாருக்காவது

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவன். விண்ணப்பத்தின் பதினோராவது கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது கீழ்க்கண்ட நோய்கள் உண்டா? எட்டு நோய்கள், எட்டுக் கட்டங்கள். எட்டிலும் ‘இல்லை’ என்றிருந்தால் தாள் அன்றைக்கே மேலே போகும். ஒன்றில் ‘ஆம்’ வந்தால் நின்றுவிடும். கூடுதல் படிவம், மருத்துவர் கடிதம், பழைய ரிப்போர்ட் என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் எல்லாரும் ‘இல்லை’ என்றே எழுதுகிறார்கள். அது எங்களுக்கும் தெரியும்.

என் மனைவி அலுவலகத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். பழக்கம் அப்படித்தான். நான் கொண்டுபோகும் தாள்களை மெஷினில் வைத்துக்கொண்டே படிப்பாள்.

“ஏன் சார், உங்க ஆளுங்க வீட்ல யாருக்குமே ஒண்ணுமே வராதா? எல்லாத்துலயும் இல்லை இல்லைன்னே இருக்கு. அப்புறம் எதுக்கு இன்சூரன்ஸ்?”

“அதெல்லாம் நீங்க படிக்கக் கூடாது.”

“காலைலேர்ந்து நிக்கறேன். கண்ணாவது நாலு இடம் போய்ட்டு வரட்டுமே.”

காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழுவரை நிற்பாள். கடையில் ஒரே ஒரு நாற்காலி. அது முதலாளிக்கு.

என் அம்மாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கிறவர். ‘மெயின்டனன்ஸ்ல இருக்காங்க’ என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பொய் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு ஒரு வாரம் முன்பு, வருங்கால மாமியார் என்னைத் தனியாகப் பேசக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் தனியாகப் பேச இடம் கிடையாது. ஒரே அறை. பாய், அடுப்பு, இரண்டு பெண்களின் துணிகள் எல்லாம் அதற்குள்தான். இளையவளைச் சர்க்கரை வாங்க அனுப்பினார். மூத்தவள் கடையிலிருந்து வந்திருக்கவில்லை.

“மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு பின்னாடி பேச்சு வரக் கூடாது பாருங்க.”

“சொல்லுங்க அத்தை.”

“மூத்தவ பொறக்கறப்போ எனக்கு வலிப்பு வந்துச்சு. ரெண்டு நாள் நெனவே இல்ல. எங்கம்மாவுக்கும் அப்படித்தான். அவங்க பொழைக்கல. மத்தபடி எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. புள்ள வயித்துல இருக்கறப்போ மட்டும்தான். இவளுக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. எனக்கு டாக்டர்கிட்ட என்ன பேசணும்னு தெரியாது. நீங்க படிச்சவரு. எங்க சொல்லணுமோ அங்க சொல்லிடுங்க.”

எனக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது என் அம்மாவின் முகம். வலிப்பு என்ற சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் எட்டு மாத உழைப்பும் வீண்.

“நான் பாத்துக்கறேன் அத்தை. நீங்க வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

பாரம் இறங்கினாற்போல் மூச்சு விட்டார். சர்க்கரை வந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் வியாதிகளுக்குப் பெயர் உண்டு. அம்மாவுக்குத் தலை சுற்றினால் அது பிரஷர். கால் மரத்துப்போனால் அது சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு மாத்திரை டப்பா. இருபது வருடத்து ரிப்போர்ட்டுகளை அம்மா தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறார். அவள் வீட்டில் வியாதிக்குப் பெயர் கிடையாது. வலி எந்த வேலையில் வந்ததோ அந்த வேலையின் பெயர்தான் அதற்கும். வாளி தூக்கின வலி. நின்ன வலி. கர்ப்பத்தில் கால் வீங்கியபோது அவள் என்னிடம் காட்டிச் சொன்னாள்: “பாருங்க, எங்கம்மா காலு எனக்கு வந்துடுச்சு.” சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிய மூன்றாம் மாதம் போனோம். அம்மாவும் வந்திருந்தார். மேசையில் இருந்த நர்ஸ் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “படிச்சவங்கதானே, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க,” என்று படிவத்தை என்னிடம் தள்ளினார். அம்மா என் தோளுக்கு அருகே நின்று படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, மாணவனின் நோட்டைப் பார்ப்பதுபோல்.

தாய், சகோதரிக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம், வலிப்பு வந்ததுண்டா?

அவள் அம்மா பட்டது அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். கை நிற்கவே இல்லை. பழகின கை.

பஸ்ஸில் அம்மாவுக்கு முன்சீட்டில் இடம் கிடைத்தது. அவள் என் காதருகே கேட்டாள்.

“ஏங்க இல்லைன்னு எழுதினீங்க?”

“அம்மா நின்னுட்டிருந்தாங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட தனியா சொல்லிடறேன்.”

“மறந்துட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

அதற்குப் பிறகு ஐந்து முறை போனோம். முதல் முறை கூட்டம். இரண்டாம் முறை வேறு டாக்டர். மூன்றாம் முறை எல்லாம் நார்மல் என்றார்கள், பிறகு எதற்கு என்று தோன்றிவிட்டது. அவள் தானே சொல்லியிருக்கலாம் என்று பின்னால் சில மாதம் நினைத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையில் யாரையும் விடாமல் வம்புக்கு இழுப்பவள், டாக்டர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். கேட்டால் தலையசைப்பாள். அவள் அம்மாவும் அப்படித்தான். டாக்டர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவன் நான்.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தலை வலிக்கிறது என்றாள். அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு வலி மாத்திரை கொடுத்தேன். புதன்கிழமை எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். மெஷின் வெளிச்சமாக இருக்கும் என்றேன். அன்று மதியம் கடையில் மெஷின் பக்கத்திலேயே விழுந்தாள். குழந்தையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ நானூறு கிராம். வியாழக்கிழமை அவள் இல்லை.

குழந்தை மாமியாரிடம் வளர்கிறது. என் அம்மாவுக்கு உடம்பு முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறேன். போய் உட்கார்ந்தால் அது என்னைப் பார்த்துவிட்டு மாமியார் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பத்து மாதம் ஆகிறது.

போன வாரம் கொழுந்தியாள் போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் பைக் மெக்கானிக். இவள் ஒரு பெரிய கடையில் பருப்பு, அரிசி பொட்டலம் போடுகிறாள். நின்றபடிதான்.

“மாமா, எனக்கு மூணாவது மாசம். திங்கக்கிழமை பேர் பதியப் போறோம். நீங்களும் வரணும். ஃபாரம்லாம் உங்களுக்குத்தான் கைவந்த கலை.”

“வரேன்.”

“இன்னொண்ணு. அக்காவுக்கு மூளைக் காய்ச்சல்னுதான் எங்க மாமியார்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். அவங்களும் வருவாங்க. நீங்க பாட்டுக்கு உளறிடாதீங்க. வலிப்புன்னு தெரிஞ்சா ஏமாத்திட்டாங்கன்னு ஆயிடும். என் பொழப்பு நாறிடும்.”

“டாக்டருக்குத் தெரியணுமே.”

“அதான் அம்மா சொல்லிடுச்சு. அக்காவுக்குச் சொன்ன மாதிரியே மாமா டாக்டர்கிட்ட தனியா சொல்லிடுவாரு, நீ கவலைப்படாதன்னு.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் சொன்னதாகத்தான் மாமியார் இத்தனை மாதமும் நம்பியிருக்கிறார். அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. சொல்லியும் காப்பாற்ற முடியவில்லை, அவள் தலையெழுத்து என்று அவர் தேறியிருக்கிறார். ஞாயிறுதோறும் எனக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்.

திங்கள்கிழமை காலை அதே ஆஸ்பத்திரி. அதே தாழ்வாரம். மேசை மட்டும் ஜன்னல் பக்கம் மாறியிருந்தது. பெஞ்சில் கொழுந்தியாள், மடியில் குழந்தையோடு மாமியார், அவர்களுக்கு நடுவே கொழுந்தியாளின் மாமியார். தள்ளுவண்டியில் காய்கறி விற்கிற அம்மாள். குரல் தெருவுக்கே கேட்டுப் பழகியது.

“வாங்க தம்பி. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நமக்கு எடையும் விலையும்தான் தெரியும். இவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்ல நம்மால ஆகாது.”

“நீங்க அஞ்சு பேரைப் பேசியே வாங்க வைப்பீங்க, இதுக்கு என்னவாம்,” என்றாள் கொழுந்தியாள்.

“அது கத்தரிக்காடி. சொத்தையா இருந்தாலும் பளபளன்னு அடுக்கிடலாம்.”

நான் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஒரு சின்னத் தாளில் எழுதி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ‘இவளுடைய அக்கா சென்ற ஆண்டு இங்கே கர்ப்பகால வலிப்பில் இறந்தார். தாய்க்கும் வந்துள்ளது. தாயின் தாய்க்கும். உறவினர் முன் கேட்க வேண்டாம்.’ இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கொழுந்தியாளுக்கு வேண்டியது நடக்கும். என்னுடையது என்னோடு இருக்கும்.

எங்கள் முறை வந்தது. நால்வரும் மேசையைச் சூழ்ந்துகொண்டோம். இந்த நர்ஸ் வயதானவர். நான் தாளை மேசையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

“என்ன சார் இது, லவ் லெட்டரா? இந்த வயசுல எனக்குத் தாங்காது.”

காய்கறி அம்மாள் சிரித்தார். நர்ஸ் தாளைப் பிரித்தார். படித்தார். சிரிப்பு போய்விட்டது.

“இவ அக்காவா? இங்கயா? இதை எதுக்கு சார் மடிச்சுத் தரீங்க? சத்தமா சொல்ல வேண்டிய விஷயம் இது.” கொழுந்தியாளைப் பார்த்தார். “உங்கக்காவுக்கு வலிப்பு வந்ததா?”

கொழுந்தியாள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. பிறகு குனிந்துகொண்டாள்.

“வலிப்பா?” என்றார் காய்கறி அம்மாள். “காய்ச்சல்னு இல்ல சொன்னீங்க?”

குழந்தை மேசையில் கிடந்த பேனாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

“அம்மா, உங்களுக்கும் வந்திருக்கு?” நர்ஸ் மாமியாரிடம் கேட்டார்.

“ஆமாங்க. எங்கம்மாவுக்கும். மூத்தவ விஷயத்துல மாப்பிள்ளை அப்பவே டாக்டர்கிட்ட எல்லாம் சொன்னாருங்க. சொல்லியும் கை மீறிப் போச்சு.”

“அப்பவே சொன்னாரா?” நர்ஸ் புருவத்தைச் சுருக்கினார். “அக்கா பேரும் வருஷமும் சொல்லுங்க.”

கொழுந்தியாள் சொன்னாள். நர்ஸ் எழுந்து உள்ளே போனார். தாழ்வாரத்தில் யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். நர்ஸ் ஒரு பழுப்பு அட்டையோடு திரும்பி வந்தார். உட்காராமலே புரட்டினார்.

“இதுல இல்லைன்னு இருக்கே. தாய், சகோதரி, எதுவும் இல்லை. சொல்லியிருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருப்போம். ஆரம்பத்துலேர்ந்து ஒரு சின்ன மாத்திரை குடுத்திருப்பாங்க. இங்க மாசம் ஒரு தடவைதான் வந்திருக்காங்க.”

“அப்படி இருக்காதுங்க,” என்றார் மாமியார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். “எங்க மாப்பிள்ளை சொல்லாம இருக்க மாட்டாரு. அவருக்கு ஆபீஸ்ல இதான் வேலை. இங்க யாரோ தப்பா எழுதியிருக்காங்க.”

நர்ஸ் பெருமூச்சு விட்டார். “இருக்கலாம்மா. போன வருஷம் இந்த மேசையில ஒரு பொண்ணு இருந்துச்சு. வேலையில கவனமே கிடையாது. விட்டுட்டுப் போயிடுச்சு. இப்ப யாரைப் போய்க் கேக்கறது?”

எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் எனக்கு நினைவிருந்தாள். படிச்சவங்கதானே என்று படிவத்தை என்னிடம் தள்ளியவள். அவள் எங்கோ இருக்கிறாள், அவளுக்கு இது தெரியப்போவதில்லை. மாமியார் என் பக்கத்தில் நின்று எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். படிக்கட்டு துடைக்கிற வீடுகளில் யாரிடமும் அவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

“அந்தப் பொண்ணு எழுதல,” என்றேன். “அது என் கையெழுத்து.”

நர்ஸ் நிமிர்ந்தார்.

“எங்கம்மா பக்கத்துல நின்னாங்க. அதனால இல்லைன்னு எழுதிட்டேன். அப்புறமா டாக்டர்கிட்டயும் சொல்லல.”

இவ்வளவுதான். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பேசியவர் காய்கறி அம்மாள்தான். நான் எதிர்பார்த்த பேச்சு அது அல்ல.

“அந்த மாத்திரையை இவளுக்குக் குடுப்பீங்களாம்மா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க. நாலாவது மாசம் முடியறதுக்குள்ள ஆரம்பிக்கணும். சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க.”

“கடையில நிக்கறாளே, அதுக்கு என்ன பண்ணலாம்? நான் வேணா போய் அந்த மேனேஜர்கிட்ட ஒரு ஸ்டூல் கேக்கட்டுமா?” கொழுந்தியாள் பக்கம் திரும்பினார். “ஏன்டி, இதைப் போய் எங்கிட்ட மறைச்சியே. நான் என்ன உன்னைத் திருப்பியா குடுக்கப்போறேன்?”

கொழுந்தியாள் அழ ஆரம்பித்தாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் அன்று இப்படித்தான் கேட்டிருப்பாரோ? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று? கேட்டிருக்கலாம். மாத்திரைகளைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. கேட்க நான் இடம் தரவில்லை.

டாக்டரைப் பார்த்தோம். இளம்பெண். மாத்திரை எழுதினார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார், தலை வலித்தாலும் கண் மங்கினாலும் அந்த நிமிடமே கிளம்பி வரச் சொன்னார். மற்றவர்கள் வெளியே போன பிறகு நான் நின்று கேட்டேன். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா?

“நிச்சயமா சொல்ல முடியாது,” என்றார். “வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்.” பிறகு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

காய்கறி அம்மாள் வியாபாரத்துக்குக் கிளம்பிப் போனார். திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் எனக்குப் பக்கத்து சீட்டைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். நான் அவர்களோடு வீடுவரை போனேன். போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. அறைக்குள் வந்ததும் குழந்தையைப் பாயில் விட்டார். கொழுந்தியாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் செருப்போடு நின்றேன்.

“உங்ககிட்ட சொன்னப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு,” என்றார் மாமியார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்கம்மா செத்ததை எனக்கு ஒழுங்கா யாரும் சொல்லல. பல்லு கட்டிக்கிச்சுன்னாங்க, அவ்வளவுதான். நான் பொழைச்சது எப்படின்னும் எனக்குத் தெரியாது. முதல் தடவையா, தெரிஞ்சவரு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டோம், இனி எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.”

மன்னிப்பு என்ற சொல் நாக்கில் வந்தது. அதை வைத்து அவர் என்ன செய்வார்?

“வெள்ளைத் தாள் இருக்கா?”

பையில் அலுவலகத் தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்தேன்.

“உக்காந்து எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல. இவளுக்கு ஒண்ணு, இந்தக் குட்டிக்கு ஒண்ணு. நாளைக்கு நான் இருக்கேனோ இல்லையோ.”

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவர் சொன்னார். அவர் அம்மா செங்கல் சுமந்தவர். மூன்றாவது பிரசவத்துக்கு முந்தின நாள்வரை சுமந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். முகம் வீங்கியிருந்தது. இவருக்கு முதல் குழந்தை ஏழு மாதத்தில் இறந்தே பிறந்தது. அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொழுந்தியாள் தலை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது மூத்தவள். வலிப்பு. இரண்டு நாள் நினைவில்லை. பத்தாம் நாள் படிக்கட்டு துடைக்கப் போனார், போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை, கால் வீக்கம் மட்டும். பிறந்த எல்லாரும் எடை குறைவு. எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நான் எழுதினேன். அவர் நிறுத்தினார்.

“மூத்தவளுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. கடைசி மூணு நாள் உங்களோடதான் இருந்தா. எழுதுங்க.”

எழுதினேன். செவ்வாய் தலைவலி. வலி மாத்திரை கொடுக்கப்பட்டது. புதன் பார்வை இரட்டை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவில்லை. மதியம் வலிப்பு. வியாழன் மரணம். குடும்ப வரலாறு தெரிந்திருந்தும் மருத்துவரிடம் கணவன் தெரிவிக்கவில்லை. அதையும் எழுதினேன்.

“படிங்க,” என்றார்.

படித்தேன். ஒரு பக்கமும் கால் பக்கமும் இருந்தது. படித்து முடித்தபோது குழந்தை என் பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை.

கொழுந்தியாள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். படித்துக் காட்டியதும் எழுதியதும் ஒன்றுதானா என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை. நான் காத்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குத் தலைவலின்னு சொன்னா?”

“காலைல. எட்டு மணி இருக்கும்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ஆபீஸ் கிளம்பிட்டிருந்தேன்.”

தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அதையும் எழுதுங்க.”